வேலை போனவர்களை யார் எண்ணுவது?

நெசவாலை மூடினால் செய்தி வரும். கார் தொழிற்சாலையில் ஆயிரம் பேரை வெளியே அனுப்பினால் முதல் பக்கத்திலேயே வரும். ஆனால் அந்தச் செய்தியை எழுதியவரின் வேலை மறுநாள் பறிபோனால், அவருடைய பத்திரிகையில் அது வராது. பக்கத்துப் பத்திரிகையிலும் பெரும்பாலும் வராது. அங்கேயும் அதே வேலைதான் நடந்துகொண்டிருக்கும். ஊர் உலகத்துக்கெல்லாம் கணக்கு எழுதும் தொழில், தன் வீட்டுக் கணக்கை மட்டும் எழுதுவதில்லை.

அப்படியானால் அந்தக் கணக்கை யார் எழுதினார்கள்? அமெரிக்காவில் 2007 முதல் சில ஆண்டுகள் அதைச் செய்தவர்கள் அரசும் அல்ல, முதலாளிகளின் சங்கமும் அல்ல. வேலையில் இருந்த ஊழியர்களும் வேலையை விட்டு வந்த ஊழியர்களும், சொந்த நேரத்தில், சம்பளம் இல்லாமல் செய்தார்கள். அந்த வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். எண்ணப்படாத மக்கள் கேட்கப்படாத மக்கள் என்பது நம் அனுபவம். செய்தி அறைகளில் நம்மை எண்ணத் தொடங்கிய கதையும், அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளர்களின் கதையும் ஓரிடத்தில் நேரடியாகவே சந்தித்துக்கொள்கின்றன. அதனால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பணம் எங்கே போனது?

அமெரிக்கச் செய்தித்தாள்களின் விளம்பர வருமானம் 2005-இல் சுமார் 4,900 கோடி டாலர். 2009-இல் அது 2,800 கோடி டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. நான்கே ஆண்டில் வருமானத்தில் பாதியை நெருங்கிய இழப்பு.

இணையம் வந்ததுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மைதான். வாடகை வீடு, பழைய கார், வேலைக்கு ஆள் தேவை போன்ற சிறு விளம்பரங்கள் செய்தித்தாள்களின் அட்சய பாத்திரமாக இருந்தன. கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற தளங்கள் அவற்றைக் காசு வாங்காமலே வெளியிட்டன. 2008-இல் வந்த பொருளாதார நெருக்கடி மிச்சத்தையும் கொண்டுபோனது.

மறுபாதி, கடன். பெரிய நிறுவனங்கள் கடன் வாங்கிப் பத்திரிகைகளை வளைத்துப் போட்டிருந்தன. லீ எண்டர்பிரைசஸ் என்ற நிறுவனம் 2005-இல் புலிட்சர் குழுமத்தைச் சுமார் 146 கோடி டாலருக்கு வாங்கியது. சிகாகோவின் டிரிப்யூன் குழுமத்தை ரியல் எஸ்டேட் முதலாளி சாம் செல் 2007 இறுதியில் கைப்பற்றினார். வாங்கிய விலையின் பெரும்பகுதி குழுமத்தின் தலையிலேயே கடனாக ஏற்றப்பட்டது. ஓராண்டுகூட முழுதாக ஆகவில்லை, 2008 டிசம்பர் 8 அன்று அந்தக் குழுமம் திவால் மனு போட்டது. டென்வர் நகரின் ராக்கி மவுண்டன் நியூஸ் 2009 பிப்ரவரி 27 அன்று கடைசி இதழை அச்சிட்டது. இன்னும் இரண்டு மாதம் ஓடியிருந்தால் அதற்கு 150 வயது நிறைந்திருக்கும்.

வட்டி கட்ட வேண்டும், பங்குதாரர்களுக்கு லாபம் காட்ட வேண்டும். வெட்டக்கூடியது என்று நிர்வாகங்களின் கண்ணில் பட்டது சம்பளப் பட்டியல். கடனை வாங்கியவர்கள் ஒருபுறம் இருக்க, அதை அடைத்தவர்கள் நிருபர்களும் பிழை திருத்துநர்களும் அச்சகத் தொழிலாளர்களும் வண்டி ஓட்டுநர்களும்தான்.

சட்டத்தின் கண்ணில் படாத வெட்டு

அமெரிக்காவில் 1988-இல் வந்த ஒரு சட்டம் உண்டு. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பெரிய அளவில் ஆட்குறைப்பு செய்தால் 60 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். ஊழியருக்கும் சொல்ல வேண்டும், மாநில அரசுக்கும் சொல்ல வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொதுவாக ஒரே பணியிடத்தில் குறைந்தது 50 பேர் வேலை இழந்தால்தான் அந்தச் சட்டம் கண் விழிக்கும்.

ஒரு குழுமத்துக்கு 80 ஊர்களில் 80 நாளிதழ்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு 20 பேர் வீதம் வெளியே அனுப்பினால் மொத்தம் 1,600 குடும்பங்கள். ஆனால் எந்த ஊரிலும் 50 பேர் இல்லை. எனவே அறிவிப்பு இல்லை, அரசின் பதிவேட்டிலும் இல்லை. அந்தந்த ஊரில் 'நம் பத்திரிகையில் இருபது பேர் போய்விட்டார்களாம்' என்ற பேச்சோடு முடிந்துபோகும். எல்லா ஊரையும் ஒரே காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தால்தான் முழு உருவம் தெரியும்.

இதோடு வார்த்தைகளின் தந்திரமும் சேர்ந்துகொண்டது. 'சீரமைப்பு', 'சரியான அளவுக்கு வருதல்', 'விருப்ப ஓய்வு' என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். 'நீயாகப் போனால் இவ்வளவு பணம், நாங்களாக அனுப்பினால் இதைவிடக் குறைவு' என்று மேசையில் இரண்டு தாள்களை வைத்துவிட்டு, அதற்கு விருப்பம் என்று பெயர். பணம் பெறுபவர் நிறுவனத்தைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் இருக்கும். வேலையும் போனது, வாயும் அடைபட்டது.

உள்ளே இருந்து போட்ட வரைபடம்

இந்தச் சூழலில்தான் எரிகா ஸ்மித் 2007-இல் கணக்குப் போடத் தொடங்கினார். மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்ச் நாளிதழில் வரைகலைப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். லீ எண்டர்பிரைசஸ் வாங்கிய புலிட்சர் குழுமத்தின் பத்திரிகைதான் அது. தன் தொகுப்புக்கு 'பேப்பர் கட்ஸ்' என்று பெயர் வைத்தார். காகிதம் விரலில் கீறும் காயத்துக்கும் அந்தப் பெயர், பத்திரிகையில் நடக்கும் வெட்டுக்கும் அதே பெயர். சிறு கீறல்தானே என்று விடுவோம், ஆனால் ஆயிரம் கீறல் சேர்ந்தால் உடம்பு தாங்காது.

அவர் செய்தது எளிய வேலை. அமெரிக்க வரைபடத்தில், ஆட்குறைப்பு நடந்த ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு குறி. அதைத் தொட்டால் பத்திரிகையின் பெயரும், எத்தனை வேலைகள் போயின என்பதும் தெரியும். செய்திகள், நிர்வாகத்தின் சுற்றறிக்கைகள், ஊழியர்கள் அனுப்பிய தகவல்கள் ஆகியவற்றிலிருந்து எண்களைச் சேர்த்தார். நிருபர்களை மட்டும் எண்ணவில்லை. பத்திரிகை நிறுவனத்தில் போன எல்லா வேலைகளையும் எண்ணினார். 'விருப்ப ஓய்வு' என்ற பெயரில் போனவற்றையும் சேர்த்தார்.

2008-ஆம் ஆண்டுக்கு அவர் கணக்கில் வந்தது 15,000-க்கும் அதிகமான வேலைகள். 2009-இல் 14,000-க்கும் மேல். வெளியே தெரிந்ததை மட்டுமே எண்ண முடிந்தது என்பதால் இவை குறைந்தபட்ச எண்கள்தான். அமெரிக்காவில் பத்திரிகைத் தொழிலின் வீழ்ச்சியைப் பற்றி எழுதிய பெரிய பெரிய ஊடகங்களே அந்த எண்களை எடுத்துக் காட்டின. ஒரு தொழிலின் மிகப் பெரிய ஆட்குறைப்பு அலைக்கு ஆதாரம் தேடியவர்கள், ஓய்வு நேரத்தில் ஒரு ஊழியர் போட்டு வைத்த கணக்கின் முன்னால் வந்து நிற்க வேண்டியிருந்தது.

இதே காலத்தில் ஜிம் ஹாப்கின்ஸ் என்பவர் ஒரே ஒரு நிறுவனத்தின் மீது கண் வைத்தார். அமெரிக்காவின் மிகப் பெரிய செய்தித்தாள் குழுமமான கேனட்டில் நெடுங்காலம் வேலை பார்த்து, யு.எஸ்.ஏ. டுடே நாளிதழிலிருந்து வெளியே வந்தவர். 2008 இறுதியில் கேனட் தன் உள்ளூர் நாளிதழ்களில் சுமார் 2,000 பேரைக் குறைத்தபோது, எந்த ஊரில் எத்தனை பேர் என்ற பட்டியலை நிறுவனம் தரவில்லை. அந்தந்த ஊர் ஊழியர்களே பெயர் சொல்லாமல் தங்கள் அலுவலகத்தின் எண்ணை ஹாப்கின்ஸுக்கு அனுப்பினார்கள். ஊர் ஊராகப் பட்டியல் வளர்ந்தது. ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராதவர்கள், தங்கள் அனைவருக்கும் நடப்பது ஒன்றுதான் என்பதை அந்தப் பட்டியலில் கண்டார்கள்.

இந்த இரண்டு முயற்சிகளும் ஆட்குறைப்பைத் தடுத்துவிடவில்லை. ஒரு வேலையைக்கூட அவை திரும்பப் பெற்றுத் தந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் 'என் திறமைக் குறைவால் எனக்கு வேலை போனது' என்று தனியாக உட்கார்ந்து குமைந்தவருக்கு, இது 15,000 பேருக்கு நடந்தது என்று காட்டின. தனி மனிதரின் அவமானமாக இருந்தது பொதுப் பிரச்சினையாக மாறியது. சாதிக் கொடுமையில் இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நிறத்தின் கணக்கு

பேப்பர் கட்ஸ் ஒன்றை எண்ணவில்லை. வேலை போனவர்கள் வெள்ளையரா, கறுப்பினத்தவரா என்று அதில் இல்லை. ஒரு ஊழியர் வெளியிலிருந்து அதைத் திரட்டுவது நடக்காத காரியம். ஆனால் அந்தக் கேள்விக்குத் தனியே ஒரு வரலாறு இருந்தது.

1967 கோடையில் அமெரிக்க நகரங்கள் கறுப்பின மக்களின் கொந்தளிப்பில் எரிந்தன. காரணம் ஆராய அமைக்கப்பட்ட கெர்னர் ஆணையம் 1968-இல் அறிக்கை தந்தது. ஊடகங்களுக்கென்றே அதில் ஒரு பகுதி இருந்தது. செய்தித் துறையின் ஆசிரியப் பணிகளில் கறுப்பினத்தவர் 5 விழுக்காடுகூட இல்லை, வெள்ளையர் கண்ணால் மட்டுமே நாட்டைப் பார்க்கும் பத்திரிகைகளுக்குச் சேரியில் புகையும் நெருப்பு தெரியவில்லை என்பது அந்தப் பகுதியின் சாரம்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1978-இல், அமெரிக்கச் செய்தித்தாள் ஆசிரியர்கள் சங்கம் நாளிதழ்களில் சிறுபான்மை இனத்தவர் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கியது. அப்போது வந்த எண் 4 விழுக்காட்டைத் தொடவில்லை. 2000-ஆம் ஆண்டுக்குள் மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கு செய்தி அறையிலும் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 1998-இல், முடியாது என்று தெரிந்ததும், இலக்கை 2025-க்குத் தள்ளிவைத்தார்கள். இலக்கைத் தள்ளிவைப்பதில் எல்லா நாட்டு மேல்தட்டும் ஒன்றுதான்.

ஆனாலும் ஆண்டுதோறும் எண்ணியதால் ஒரு உண்மை பதிவானது. பங்கு மெல்ல மெல்ல ஏறி 2000-இல் 11.85 விழுக்காட்டை எட்டியது. 2001-இல் முதல்முறையாகக் குறைந்தது. பிறகு ஆட்குறைப்பு அலை வந்தது. 2011-இல் வெளியான கணக்கைப் பாருங்கள்: செய்தி அறைகளின் மொத்த எண்ணிக்கை மூன்று ஆண்டு வெட்டுக்குப் பிறகு சற்றே உயர்ந்திருந்தது. ஆனால் சிறுபான்மை இனத்தவரின் எண்ணிக்கை தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக விழுந்திருந்தது. வெள்ளம் வடிந்தபோது எல்லார் வீடும் ஒரே நேரத்தில் காயவில்லை.

'கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும்' என்பது தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற விதி. நிர்வாகம் தனக்குப் பிடிக்காதவரைப் பொறுக்கி வெளியேற்றாமல் தடுக்கும் நல்ல விதி. ஆனால் இரண்டு நூற்றாண்டுகள் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, நேற்றுத்தான் சிலரை உள்ளே விட்ட வீட்டில் 'கடைசியில் வந்தவர்' யார்? விதியில் இனத்தின் பெயர் இல்லை. வெளியே போகிறவர் வரிசையில் இனம் தெரிகிறது. நம் நாட்டின் தொழில் தகராறுகள் சட்டத்திலும், 25-ஜி பிரிவாக, இதே விதிதான் இருந்தது. அந்த விதியைக் கைவிடச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சமமில்லாத வாசலுக்குப் பின்னால் வைக்கும் சமமான விதி எப்படி வேலை செய்யும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆசிரியர்கள் சங்கத்தின் கணக்கு எப்படி முடிந்தது என்பதும் பாடம். பத்திரிகைகள் தாமாக விருப்பப்பட்டுத் தரும் தகவலை நம்பி நடந்த கணக்கு அது. 2018-இல் சுமார் 1,700 செய்தி நிறுவனங்களைக் கேட்டார்கள். பதில் தந்தவை 293. நூற்றுக்கு 17. முதலாளியின் தயவில் நடக்கும் கணக்கு, முதலாளிக்கு அலுத்ததும் நின்றுவிடும்.

எதிரியின் ஏட்டிலிருந்து எடுத்த எண்

இந்த எண்ணும் பழக்கத்துக்கு ஒரு தாய் உண்டு. அவர் பெயர் ஐடா பி. வெல்ஸ். 1862-இல் மிசிசிப்பியில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர். மெம்பிஸ் நகரில் பத்திரிகை நடத்தினார். 1892-இல் அவருடைய நண்பர் உட்பட மூன்று கறுப்பின ஆண்களை வெள்ளையர் கும்பல் கொன்றது. அவர்கள் நடத்திய மளிகைக் கடை வெள்ளையர் கடைக்குப் போட்டியாக இருந்ததுதான் பகையின் வேர். வெல்ஸ் அதை எழுதினார். கும்பல் கொலைகளுக்குச் சொல்லப்படும் காரணங்கள் பொய் என்றும் எழுதினார். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் பத்திரிகை அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. திரும்பி வந்தால் உயிர் இருக்காது என்றார்கள்.

1895-இல் அவர் வெளியிட்ட 'சிவப்புப் பதிவேடு' என்ற நூலில் கும்பல் கொலைகளை ஆண்டு வாரியாக, சொல்லப்பட்ட காரண வாரியாகப் பட்டியலிட்டார். எண்களை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? வெள்ளையர் நடத்திய சிகாகோ டிரிப்யூன் பத்திரிகை தொகுத்து வெளியிட்ட எண்களிலிருந்து. 'கறுப்பர்கள் மிகைப்படுத்துகிறார்கள்' என்று யாரும் சொல்ல முடியாதபடி, அவர்களே அச்சிட்டதை அவர்கள் முன் வைத்தார். தகவல் அவர்களிடம் இருந்தது. அதைக் கூட்டிப் பார்க்கும் மனது இவரிடம்தான் இருந்தது.

டெல்லிக்கு வந்த கேள்வி

நூறு ஆண்டுகள் கழித்து, 1996-இல், வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் டெல்லி செய்தியாளராக இருந்தவர் கென்னத் கூப்பர். கறுப்பினத்தவர். பாஸ்டன் நகரின் இனப் பாகுபாட்டை ஆராய்ந்த தொடருக்காக 1984-இல் புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் இருந்தவர். ஒரு செய்திக்காக தலித் பத்திரிகையாளர் ஒருவரிடம் பேச வேண்டும், யாராவது தெரியுமா என்று மூத்த பத்திரிகையாளர் பி.என். உனியாலிடம் கேட்டார்.

உனியால் யோசித்துப் பார்த்தார். தன் நீண்ட பத்திரிகை வாழ்வில் ஒரு தலித் பத்திரிகையாளரைக்கூடச் சந்தித்ததில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் அதோடு விட்டுவிடவில்லை. அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அங்கீகரித்த செய்தியாளர் பட்டியலை எடுத்தார். மொத்தம் 686 பெயர்கள். அதில் 454 பேரின் பெயரே அவர்கள் ஆதிக்கச் சாதியினர் என்று சொன்னது. மீதமுள்ள 232 பேரிலிருந்து 47 பேரைப் பொறுக்கி எடுத்து விசாரித்தார். ஒருவர்கூட தலித் இல்லை. 1996 நவம்பர் 16 அன்று பயனியர் நாளிதழில் அது கட்டுரையாக வந்தது.

கெர்னர் ஆணையமும் அதன் பின்வந்த கணக்குகளும் செய்தி அறையில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியைப் பொதுக் கேள்வியாக்கிய நாட்டிலிருந்து வந்த ஒருவர், 'இங்கே உங்கள் ஆட்கள் எங்கே?' என்று கேட்டதும், இங்கே கணக்கு தொடங்கியது. 2006-இல் அனில் சமாடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் மூவரும் டெல்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரை ஆராய்ந்தார்கள். தலித் ஒருவரும் இல்லை, பழங்குடி ஒருவரும் இல்லை. 2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 121 தலைமைப் பதவிகளை ஆராய்ந்தன. 106 பதவிகள் ஆதிக்கச் சாதியினரிடம். பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் ஒன்றும் இல்லை.

அவர்கள் இடம் தரவில்லை என்பதற்காக நம் முன்னோர் எழுதாமல் இருந்ததில்லை. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட 'கேசரி' மறுத்தது. இந்த இதழ்கள் எல்லாம் பிறகு நின்றுபோயின. இந்தியப் பத்திரிகை வரலாறு எழுதுபவர்கள் பெரிய வீடுகளின் நட்டக் கணக்கை எழுதுவார்கள். நம் இதழ்கள் ஏன் நின்றன என்ற கணக்கு இன்னும் முழுதாக எழுதப்படவில்லை.

இங்கே போகும் வேலைகள்

இப்போது இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பாருங்கள். இந்தியாவில் பத்திரிகை வேலை இழந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் நம்மவர் எத்தனை பேர்?

1955-இல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், ஆட்குறைப்பு செய்தால் ஆசிரியருக்கு ஆறு மாதமும் மற்றப் பத்திரிகையாளர்களுக்கு மூன்று மாதமும் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றது. ஊதியக் குழுவுக்கும் வழி செய்தது. நிர்வாகங்கள் இதற்குக் கண்டுபிடித்த மாற்றுவழி ஒப்பந்தப் பணி. இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தம். காலம் முடிந்தால் புதுப்பிக்காமல் விட்டால் போதும். ஆட்குறைப்பு என்ற பெயரே எழாது. இன்னொரு வழி, ராஜினாமா கடிதம் கேட்டு வாங்குவது. கையெழுத்துப் போட்டவர் தாமாகப் போனவர் ஆகிவிடுவார்.

மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை 2014 பிப்ரவரி 7 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அது ஒப்பந்த ஊழியருக்கும் பொருந்தும் என்று 2017 ஜூன் 19 அன்று சொன்னது. உரிமை கேட்டதற்காகப் பணிநீக்கமும் இடமாற்றமும் செய்தார்கள் என்று முறையிட்டவர்களை மட்டும் உரிய அதிகாரியிடம் போகச் சொன்னது. 2018 செப்டம்பர் 29 அன்று பி.டி.ஐ. செய்தி நிறுவனம் ஒரே நாளில் 297 பேரை நீக்கியது. அவர்கள் செய்தியாளர்கள் அல்லர், தொழில்நுட்பம் உள்ளிட்ட மற்றப் பிரிவுகளின் ஊழியர்கள். நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை விதித்தது. 2020-இல் கொரோனா வந்தது. யாரையும் வேலையிலிருந்து நீக்க வேண்டாம் என்று மத்திய தொழிலாளர் துறை மார்ச் மாதமே அறிவுரை அனுப்பியது. அறிவுரைதான், ஆணை அல்ல. ஏப்ரலில் மூன்று பத்திரிகையாளர் அமைப்புகள் பணிநீக்கங்களையும் சம்பள வெட்டையும் எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 1955 சட்டத்தை விழுங்கிக்கொண்டது.

அந்த 297 பேரில் எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் என்று செய்தி எழுதிய யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. தலைமைப் பதவிகளில் நாம் இல்லை என்பது தெரியும். அச்சகத்தில், கட்டுக் கட்டும் இடத்தில், வண்டியில், துப்புரவில், ஊர்ப்புற நிருபராக வரிக்கு இவ்வளவு என்று எழுதுகிற இடத்தில் யார் இருக்கிறார்கள், யார் முதலில் போகிறார்கள் என்பதற்குத்தான் கணக்கு வேண்டும். அதற்காகத்தான் எரிகா ஸ்மித் எல்லா வேலைகளையும் எண்ணியது நமக்கு முக்கியம்.

நாம் எண்ணத் தொடங்கினால்

இதழியல் படிக்கும் மாணவர்களும், தொழிற்சங்கத்திலும் இயக்கத்திலும் இருக்கும் தோழர்களும் மாவட்ட அளவிலாவது இதைச் செய்ய முடியும். மேலே சொன்ன வரலாற்றிலிருந்து சில நெறிகளை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, எதை எண்ணுகிறோம் என்பதை எழுதிவையுங்கள். 2008-இல் அமெரிக்கச் செய்தித்தாள் செய்தி அறைகளில் இருந்தவர்கள் 52,600 என்கிறது ஆசிரியர்கள் சங்கத்தின் கணக்கு. அரசின் புள்ளிவிவரத்தை வைத்துப் பியூ ஆய்வு மையம் சொல்வது சுமார் 71,000. அதுவே 2020-இல் 31,000 ஆனது என்றும் சொல்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் நாளிதழ்களின் முழுநேர ஊழியரை எண்ணினார், மற்றவர் எல்லாச் செய்தித்தாள்களையும் எண்ணினார். வரையறை இல்லாத எண்ணை எதிராளி ஒரே கேள்வியில் சாய்த்துவிடுவார்.

இரண்டாவது, ஒவ்வொரு எண்ணுக்கும் தேதி, இடம், ஆதாரம் மூன்றும் இருக்கட்டும். பணிநீக்கம், 'விருப்ப' ஓய்வு, ஒப்பந்தம் புதுப்பிக்காதது, கேட்டு வாங்கிய ராஜினாமா என்று தனித்தனிக் கட்டம் போடுங்கள். எண் தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள். ஐடா வெல்ஸின் பலம் அதில்தான் இருந்தது.

மூன்றாவது, தகவல் தந்தவரைக் காப்பாற்றுவது எண்ணைவிடப் பெரியது. ஐந்து பேர் மட்டுமே உள்ள ஒரு பிரிவின் எண்ணை வெளியிட்டால், சொன்னவர் யார் என்பது மறுநாளே தெரிந்துவிடும். இரண்டு மூன்று அலுவலகங்களைச் சேர்த்து வெளியிடலாம்.

நான்காவது, சாதியை எண்ணுவதில் கூடுதல் கவனம் வேண்டும். செய்தி அறையில் தன் சாதியைச் சொல்லாமல் வேலை பார்க்கும் தலித் பத்திரிகையாளர்கள் இருக்கிறார்கள். சொல்லாமல் இருப்பது அவர்களுடைய உரிமை. பெயரைப் பார்த்தோ, ஊரைக் கேட்டோ நாம் முடிவு செய்யக் கூடாது. அவர்களே விரும்பிச் சொன்னால் மட்டுமே எழுத வேண்டும், அதையும் மொத்த எண்ணாக மட்டுமே வெளியிட வேண்டும். ஆதிக்கச் சாதிப் பெயரைப் பட்டியலில் எண்ணுவதும், ஒடுக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளிப்படுத்துவதும் ஒன்றல்ல.

ஐந்தாவது, ஒரே ஆள் சுமக்கும் கணக்கு அவர் சோர்ந்ததும் நின்றுவிடும். பேப்பர் கட்ஸ் சில ஆண்டுகளுக்கு மேல் தொடரவில்லை. ஆனால் பத்திரிகை வேலைகள் போவது நிற்கவில்லை. குறைந்தது மூன்று பேர் கையில் கணக்கு இருக்கட்டும். அச்சிட்ட படி ஒன்று நூலகத்துக்கோ சங்க அலுவலகத்துக்கோ போகட்டும்.

தலித் மக்களுக்கு எண்ணிக்கை எப்போதும் அரசியல்தான். அண்ணல் சைமன் குழு முன்பும் வட்டமேசை மாநாட்டிலும் பேசியபோது, நம் மக்கள் எத்தனை பேர் என்பதே வாதத்தின் மையமாக இருந்தது. நம்மைக் குறைத்துக் காட்டியவர்களுக்கு அதில் லாபம் இருந்தது. இன்றும் அப்படித்தான். ஒரு பத்திரிகை அலுவலகத்தில் நாளை பத்துப் பேரை வெளியே அனுப்பினால், அது யாருக்கும் தெரியக் கூடாது என்பதில் சிலருக்கு லாபம் இருக்கிறது.

அடுத்த முறை உங்கள் ஊர்ப் பதிப்பு மூடப்படும்போது, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். தேதி, ஊர், பிரிவு, எத்தனை பேர், எப்படி அனுப்பப்பட்டார்கள் என்று ஐந்து கட்டம் போடுங்கள். முதல் வரியை நீங்கள் எழுதினால், இரண்டாவது வரியை எழுத ஒருவர் வருவார்.